விதிக்கு ஓட்டுநர் உரிமம் கொடுத்தது யார்?

விபத்தைக் கருவாகக் கொண்ட படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் ஒரே வசனம்தான் கேட்கும்: "நம்ம கையில என்ன சார் இருக்கு, எல்லாம் விதி." படம் வாழ்க்கையின் நிலையாமையைக் காட்டிவிட்டதாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விபத்தை விதியாக்குவது திரைக்கதை எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான். அந்தச் சௌகரியத்தை நாம் தத்துவம் என்று நம்பி, சாவு வீட்டு வாசல்வரை கொண்டுபோகிறோம்.

'மூன்றாம் பிறை'யில் கார் விபத்தில் ஸ்ரீதேவிக்கு நினைவு போகிறது. அவரைக் குழந்தையாக்குவதோடு அந்த விபத்தின் வேலை முடிந்தது. போகட்டும், அது விபத்தைப் பற்றிய படம் இல்லை. 2011இல் வந்த எம். சரவணனின் 'எங்கேயும் எப்போதும்' விபத்தைப் பற்றியேதான் பேசுகிறது. தொடக்கத்திலேயே இரண்டு பேருந்துகள் நேருக்கு நேர் மோதிவிடுகின்றன. பிறகுதான் உள்ளே இருந்தவர்களின் காதல் விரிகிறது. காதலர்களில் ஒருவரான ஜெய் செத்துப்போகும்போது அரங்கமே அழுதது, நானும்தான். ஆனால் ஓட்டுநருக்கு டூட்டி போட்டவரையோ, அந்தச் சாலையை வடிவமைத்தவரையோ அதில் நாம் சந்திப்பதில்லை. நம் கண்ணீர் முழுக்கப் பயணிகளுக்கே செலவாகிறது. கேள்வி கேட்க எதுவும் மிச்சமில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுக்க இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் போனவர்கள் 50,000க்கும் மேல். தலையெழுத்து எழுதுகிறவன் ஹெல்மெட் இருக்கிறதா, ஸ்பீடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டா எழுதுகிறான்?

விபத்து வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புரட்டல் சினிமாவின் க்ளைமாக்ஸ் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். செத்தவர் கொத்தனார் என்றால் சம்பளச் சீட்டு ஏது? அவர் என்ன சம்பாதித்தார் என்பதை மனைவி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண்களை வகுத்துக் கொடுத்தது. சொந்தச் செலவுக்கான பங்கைக் கழித்துவிட்டு, மிச்ச ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டும்: 31 முதல் 35 வயது என்றால் 16, 36 முதல் 40 என்றால் 15. ஒரு மனிதன் வாழாமல் விட்ட வருடங்களுக்கு இதுதான் வாய்ப்பாடு.

இங்கேதான் 'எல்லாம் விதி' குடும்பத்தின் கழுத்தை அறுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் இழப்பீடு கேட்டால், எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். செத்தவர்தான் தாறுமாறாக வண்டி ஓட்டினார் என்பார். காரணம் என்ன என்பதில் அவருக்கு இருக்கிற அக்கறை நமக்கு இல்லை. விதிமேல் யாரும் எம்.சி.ஓ.பி. என்கிற இழப்பீட்டு மனு போட முடியாது.

ஜெயித்தாலும் கதை முடிவதில்லை. தீர்ப்பு வந்தும் போக்குவரத்துக் கழகம் பணம் கட்டவில்லையென்றால், கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அரசுப் பேருந்தை ஜப்தி செய்கிற செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கணவனைக் கொன்ற கழகத்தின் பஸ்ஸை ஒரு விதவை கோர்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறாள். இதைவிட நாடகம் உள்ள காட்சி எந்த இயக்குநருக்கு வேண்டும்? நம்மவர்களுக்கோ லாரி வந்து மோதினால் போதும், இன்டர்வெல் வந்துவிடும்.

காரணத்தைத் தேடப் போனால் படம் பிரசாரமாகிவிடும் என்பது வழக்கமான பதில். கீஸ்லோவ்ஸ்கியின் 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ' (1993) கார் விபத்தில்தான் தொடங்குகிறது. கணவனையும் மகளையும் இழந்த பெண்ணின் துக்கம்தான் படம். ஆனாலும் மோதலுக்கு முன்பே வண்டியின் அடியில் பிரேக் திரவம் சொட்டுவதை இயக்குநர் ஒரு ஷாட்டில் காட்டிவிடுகிறார். பிரசங்கம் ஏதும் இல்லை. அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) இன்னும் ஒரு படி மேல். வேலைக்கு வந்த கர்ப்பிணியின் கரு கலைந்துபோகிறது. வீட்டுக்காரர் வாசலில் தள்ளிவிட்டதாலா, முந்தைய நாள் தெருவில் கார் இடித்ததாலா? இந்த ஒரு கேள்வி இரண்டு குடும்பங்களையும் கோர்ட்டுக்கு இழுத்து, ஒவ்வொருவரின் பொய்யையும் பயத்தையும் வறுமையையும் வெளியே கொட்டுகிறது. அந்தப் படத்துக்கு 2012இல் ஆஸ்கர் கொடுத்தார்கள். சாலைப் பாதுகாப்பு வார விழாக் குறும்படம் என்று அதை யாரும் ஒதுக்கவில்லை.