பண்ணை மாமா சொன்னது

போன மாதம் என் மகனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் பானடோல் கொடுத்துப் பார்த்தோம், இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, வேலை முடிந்து வந்த களைப்போடு நானும் வீட்டுக்காரரும் அவனை அழைத்துக்கொண்டு தாமான் முனையில் உள்ள கிளினிக்குக்குப் போனோம். புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர், நம்ம பிள்ளைதான். தொட்டுப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“வீட்டுல வேற யாருக்காவது காய்ச்சலா? பக்கத்து வீட்டுல? ஸ்கூல்ல? ரெண்டு வாரத்துல எங்கயாவது வெளியூர் போனீங்களா? வீட்டுல நாய், பூனை, கோழி ஏதாச்சும் வளர்க்கிறீங்களா?”

வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எங்கயும் போகல டாக்டர். சாதாரண காய்ச்சல்தான். ஆண்டிபயாட்டிக் கொடுத்தா சரியாயிடும்” என்றார். வீட்டில் அவர்தான் முதல் டாக்டர்.

மகன் மெதுவாகச் சொன்னான்: “அப்பா, நாம உலு லங்காட் ஆத்துல குளிச்சோமே.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். எந்த நாள், காலில் காயம் இருந்ததா, கூட வந்தவர்கள் யார் என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். எலிச் சிறுநீர் கலந்த ஆற்று நீரிலிருந்தும் காய்ச்சல் வரும் என்றார். இரத்தம் எடுத்தார்கள். திரும்பும் வழியெல்லாம், “வக்கீல் மாதிரி கேட்கிறாரே” என்று வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் வாய் திறக்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றின் விலை என்ன என்று எனக்குச் சிறு வயதிலேயே தெரியும்.

1999இல் எனக்குப் பதினொரு வயது. அப்போது நாங்கள் சிரம்பானில், சிக்காமட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தாமானில் இருந்தோம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரர் பன்றிப் பண்ணையில் வேலை செய்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் ‘பண்ணை மாமா’. அவருடைய மகள் என் தோழி. அந்த ஆண்டு தொடக்கத்தில் செய்தியைத் திறந்தால் ‘ஜேஇ’தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசுவால் பரவுவது. பன்றிகளைக் கடித்த கொசு மனிதனைக் கடித்தால் வரும். அதனால் ஊரெல்லாம் கொசு மருந்துப் புகை. லாரி வரும் சத்தம் கேட்டால் அம்மா ஜன்னலை அடைப்பார், நாங்கள் புகைக்குள் ஓடுவோம்.

உண்மையில் அது தொடங்கியது 1998 செப்டம்பரில், பேராக்கில், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரத்துப் பண்ணைகளில். கடுமையான காய்ச்சல், தலைவலி, மயக்கம், வலிப்பு, பிறகு கோமா. அதை ஜேஇ என்று நினைத்ததில் பெரிய தவறு சொல்ல முடியாது. நம் நாட்டில் ஜேஇ முன்பும் வந்திருக்கிறது, நோயாளிகள் சிலருடைய இரத்தத்திலும் அதன் அடையாளம் தெரிந்தது. கொசு ஒழிப்பு நடந்தது, தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை. பன்றிகள் சாகின்றன என்றதும் சில பண்ணையாளர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள். லாரி ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே வந்தது. சிக்காமட், பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தில் இருக்கும் புக்கிட் பெலண்டோக். அங்கேதான் அது பெருந்தீயாகப் பிடித்தது.

ஒரு நாள் இரவு பண்ணை மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அண்ணே, கொசு என்ன ஆள் பார்த்தா கடிக்குது? பக்கத்து மலாய்க் கம்போங்குல ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல. பண்ணையில நிக்கிறவன்தான் விழுறான். ஊசி போட்டவனும் விழுறான். முதல்ல பன்னிங்க இருமுதுண்ணே, நாய் குரைக்கிற மாதிரி இருமுது. அப்புறந்தான் ஆளுக்கு வருது.”

அப்பா சிரித்தார். “நீ என்ன டாக்டரா? கவர்மெண்டு சொல்றான்ல கொசுன்னு?”

மாமா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தவுக்கேயிடமும் சொல்லிப் பார்த்ததாக மட்டும் சொன்னார்.

இப்போது அந்தக் காலத்து ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஜேஇ அல்ல என்பதற்கு நிபுணர்கள் பின்னால் எழுதி வைத்த காரணங்களும் பண்ணை மாமா வாசலில் நின்று சொன்ன காரணங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜேஇ பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வேலைக்குப் போகும் ஆண்கள். ஜேஇ வளர்ந்த பன்றியை இப்படி இரும வைத்துக் கொல்லாது, இங்கே கொன்றது. ஒரே வீட்டில், ஒரே பண்ணையில் பலர் விழுந்தார்கள். பன்றி பக்கமே போகாத அண்டை வீட்டார் தப்பித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்த 94 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், 93 விழுக்காட்டினர் பன்றியோடு நேரடித் தொடர்பு உள்ளவர்கள். பெரும்பாலோர் சீனர்கள். பண்ணையில் கூலிக்கு நின்ற நம்மவர்களும் இருந்தார்கள்.

நோயின் உண்மை முகத்தைக் கண்டவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங். 1999 மார்ச்சில், இறந்த நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்து ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களோடு வளர்த்துப் பார்த்தார். அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய கட்டிகளாயின. ஜேஇ வைரஸ் இப்படிச் செய்வதில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அவரே அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். கொலராடோவில் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் ஒரு குதிரைப் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு. உலகம் அதுவரை பார்க்காதது. அந்த நோயாளிகளில் ஒருவருடைய கிராமம் சுங்கை நிப்பா. அதனால் ‘நிப்பா’ என்று பெயர். ஐஸ் காச்சாங்கில் அத்தாப் சீ என்று மென்று தின்கிறோமே, அது காய்க்கும் பனைக்கும் இதே பெயர்தான்.

பெயர் தெரிந்ததும் செய்ய வேண்டிய வேலையே மாறிவிட்டது. விரட்ட வேண்டியது கொசுவை அல்ல. பன்றியிடமிருந்து மனிதனைப் பிரிக்க வேண்டும், பன்றி லாரிகளை நிறுத்த வேண்டும். இராணுவம் இறங்கியது. நோய்ப் பகுதிகளில் சுமார் 9 லட்சம் பன்றிகளைச் சுட்டுக் குழியில் புதைத்தார்கள். அதோடு விடவில்லை. நாடு முழுவதும் 889 பண்ணைகளில் பன்றி இரத்தத்தைச் சோதித்து, 50 பண்ணைகளில் தொற்று ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து அந்தப் பன்றிகளையும் அழித்தார்கள். சிங்கப்பூரில் பன்றி வெட்டுமிடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார். அங்கேயும் மார்ச் மாதத்திலேயே பன்றி இறக்குமதியை நிறுத்தினார்கள், அதோடு அங்கே ஓய்ந்தது. இங்கே மே மாதத்தில் அடங்கியது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

முதல் நோயாளியிலிருந்து பெயர் தெரியும் வரை ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில்தான் நோய் பேராக்கிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு லாரியில் பயணம் செய்தது.

வைரஸ் எங்கிருந்து பன்றிக்கு வந்தது என்ற கேள்வியையும் சுவா விடவில்லை. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்து வைத்து அவற்றின் சிறுநீரைச் சேகரித்தார். அதில் வைரஸ் இருந்தது. பண்ணைகளில் தொழுவத்தை ஒட்டியே மாமரமும் மற்றப் பழ மரங்களும் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழும், பன்றி தின்னும். அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே நிலத்தில் இரண்டு வருமானம் என்று யாரோ நல்லெண்ணத்தோடு நட்ட மரங்கள்.

எங்கள் வரிசையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்ணை மாமாவோடு வேலை செய்த ஒருவர் இறந்துபோனார். செய்தி வந்த அன்றே அம்மா என்னிடம் இனி அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்றார். என் தோழி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். நான் உள்ளே இருந்துகொண்டே தூங்குவதுபோல் பாசாங்கு செய்தேன். கடையிலும் மாமியிடம் யாரும் கை நீட்டிச் சில்லறை வாங்கவில்லையாம். பண்ணை மூடிய மறுமாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவதாக அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. பயத்துக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இப்படி நடத்தப்படும் குடும்பம் அடுத்த முறை காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லுமா?

பங்ளாதேஷில் பிறகு வந்தபோது நிப்பா வேறு வழி பிடித்தது. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டி, இறங்கும் சாற்றைப் பச்சையாகக் குடிப்பார்கள். இரவில் வௌவால் வந்து அதே பானையில் வாய் வைக்கும். ஊர் ஊராகப் போய், நோயாளி வீட்டில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டார், யார் கூடப் படுத்தார், யார் தலைமாட்டில் இருந்து பார்த்துக்கொண்டார் என்று பொறுமையாகக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவியது. 2001இல் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். அது நிப்பா என்பது பல ஆண்டுகள் கழித்தே உறுதியானது.

கோழிக்கோடு இதற்கு நேர்மாறு. 2018 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இளைஞர் காய்ச்சலில் இறந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அவருடைய சகோதரரை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்குள்ள மருத்துவர்கள் முதலில் கவனித்தது இதைத்தான்: ஒரே வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இதே மாதிரி இறந்திருக்கிறார், இன்னும் இருவர் படுத்திருக்கிறார்கள். நிப்பாவாக இருக்கலாம் என்று சந்தேகித்து மணிப்பாலுக்கு மாதிரி அனுப்பினார்கள். சில நாட்களில் உறுதியானது. நம் போர்ட்டிக்சன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தச் சந்தேகமே வந்தது.

பிறகு பட்டியல் போட்டார்கள். நோயாளியைத் தொட்டவர், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அவரோடு காத்திருந்தவர் என்று 2,000க்கும் மேற்பட்டோரைத் தேடிப் பிடித்து நாள்தோறும் விசாரித்தார்கள். அந்தச் சுற்றில் 23 பேருக்கு நோய், 21 பேர் மரணம் என்கிறது பின்னர் வந்த ஆய்வு. முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட லினி என்ற செவிலியரும் அவர்களில் ஒருவர். பெரும்பாலோருக்கு அந்த முதல் நோயாளியிடமிருந்தே, நோய்க்குப் பெயர் தெரிவதற்கு முன்பே, ஒட்டியிருந்தது. பெயர் தெரிந்து ஆட்களைப் பிரித்து வைத்த பிறகு அது ஊருக்குள் பரவ வழியில்லாமல் போயிற்று.

மருந்தால் நின்றதில்லை இது. நிப்பாவுக்கு அன்றும் உரிமம் பெற்ற தடுப்பூசி இல்லை. கேள்வி, பட்டியல், தொலைபேசி, கையுறை, இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

எழுத உட்காருவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய்தேன். பண்ணை மாமா நினைவிருக்கிறாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அவன் சொன்னது சரிதான்மா. பேப்பர்ல வந்தன்னைக்கே போய்ச் சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிட்டான்” என்றார். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

மகனுடைய இரத்தப் பரிசோதனை முடிவு மறுநாளே வந்தது. எலிக் காய்ச்சல் இல்லை, டிங்கி. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான், மறுபடியும் ஆற்றுக்கு எப்போது என்று கேட்கிறான். டிங்கி என்றால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், சட்டம் அப்படி. அவர் தெரிவித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அதிகாரிகள் டார்ச் லைட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய டயர்களைப் பற்றி நானே வலியப் போய்ச் சொன்னேன். அவற்றில் ஒன்றும் இல்லை. கொசுப்புழு இருந்தது எங்கள் வீட்டுச் சாமி அறைக்கு வெளியே, நான் ஆசையாக வளர்க்கும் மணி பிளாண்டுக் குவளையில். வீட்டுக்காரர் அபராதச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மாலையில் புகை லாரி வந்தது. ஜன்னலை அடைத்தேன்.