ஒரு தீப்பெட்டிக்கு ஒரு கன்டெய்னரா?



"கெர்னல் எல்லாம் பி.இ. படிக்கிறவங்களுக்கு, டிப்ளமோவுக்கு எதுக்கு?" என்று நம்மிலேயே பலர் கேட்கிறோம். இதை நான் ஏற்க மாட்டேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்நாடியான கெர்னல், நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று புரிந்துகொள்ள, நம்ம எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓடும் கன்டெய்னர் லாரிகளே போதும்!

நினைவகத்தை கெர்னல் பேஜ் பேஜாகப் பிரித்து வைக்கிறது. சாதாரணமாக ஒரு பேஜ் 4096 பைட். ஆனால் அன்றாடம் அதற்குத் தேவைப்படுவதோ சின்னச் சின்னப் பொருள்கள். உதாரணமாக, நாம் திறக்கும் ஃபைலின் பெயரை நினைவில் வைக்க லினக்ஸ் 'டென்ட்ரி' என்ற ஒன்றை உருவாக்கும். 64 பிட் கணினியில் அது பொதுவாக 192 பைட். அதற்கு முழுப் பேஜையும் கொடுத்தால் 3904 பைட் சும்மா கிடக்கும்.

விம்கோ நகருக்குப் பெயர் தந்ததே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனிதான். ஒரு தீப்பெட்டியை அனுப்ப யாராவது 20 அடி கன்டெய்னர் பிடிப்பார்களா? என் அப்பா ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் லோடுமேன். ஒரே துறைமுகத்துக்குப் போகும் பல பேருடைய சில்லறைச் சரக்கை ஒரே கன்டெய்னரில் இடைவெளி விடாமல் அடுக்குவது அங்கே தினசரி வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆனால் இந்தப் பாடத்தில் பாதி அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

1994-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜெஃப் பான்விக் இதே யுக்தியை 'ஸ்லாப்' என்ற பெயரில் சோலாரிஸ் 2.4-க்காக எழுதினார். ஒரே வகைப் பொருள்களுக்கு ஒரே இருப்பு. ஒரு பேஜில் 21 டென்ட்ரி அடங்கும், மிச்சம் வெறும் 64 பைட். வேலை முடிந்த பொருளை அவர் உடைத்துப் போடவில்லை. தயார் நிலையிலேயே வைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். லினக்ஸும் இவ்வழிக்கு வந்தது. 2007-ல் கிறிஸ்டோஃப் லாமீட்டரின் 'ஸ்லப்' அதில் சேர்ந்தது. 2024-ல் லினக்ஸ் 6.8 பழைய ஸ்லாபை நீக்கிவிட்டு, ஸ்லப்பை மட்டும் வைத்துக்கொண்டது.

குறையும் உண்டு. 21-ல் 20 காலியானாலும், மிஞ்சிய ஒன்றுக்காக அந்தப் பேஜ் முழுவதும் முடங்கிக் கிடக்கும். ஒரு பெட்டி இறங்காததால் கன்டெய்னர் காத்துக் கிடப்பது போலத்தான்!

"இதுக்கெல்லாம் மண்டைய உடைக்கணுமா? இன்னொரு ராம் வாங்கிப் போட்டா போச்சு" என்பார்கள் சிலர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2 ஜி.பி. கணினியில் படிப்பவனிடம் இதைச் சொல்ல முடியுமா? சிக்கனம் என்றாலே இல்லாதவன் குணம் என்று நினைக்கிறோம். சோலாரிஸ் ஓடியதோ விலை உயர்ந்த சர்வர்களில். அங்கேயும் பைட் பைட்டாகக் கணக்குப் பார்த்தார்களே!

நண்பர்களே, ஃபர்ஸ்ட் ஃபிட், பெஸ்ட் ஃபிட் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினால் மட்டும் போதாது. லேபில் ஆசிரியர் அனுமதியோடு, லினக்ஸ் கணினியில் ரூட்டாக நுழைந்து 'ஸ்லாப்டாப்' என்று அடித்துப் பாருங்கள். டென்ட்ரி எத்தனை, ஒரு ஸ்லாபில் எத்தனை அடங்குகிறது என்று திரையிலேயே தெரியும். கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். நமது மாணவர் பேரவை வரும் ஆண்டில் ஒரு சனிக்கிழமையாவது இதற்கென்று லேபைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு மாணவன், விம்கோ நகர்