துணி காயாத ஊர்

மாணவர்கள் ஊரைத் திருத்தக் கிளம்பினால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற ஆள் நான். நடைபாதையைப் பற்றி இந்தப் பத்தியில் நான் புலம்பாத மாதம் உண்டா? அதனால்தான், கட்டடக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊரைப் புதிதாக வரைந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்றதும் ஓடினேன். நல்ல படங்கள். நிழல் மரம், சைக்கிள் பாதை, மழைநீர் போக வழி. ஒரு குழு பஸ் நிறுத்தத்தை டீக்கடையோடு சேர்த்தே வரைந்திருந்தது. அவர்களுக்குத் தனியாக ஒரு சபாஷ்.

ஆனால் வரைந்திருந்த அத்தனை பால்கனிகளில் ஒன்றில்கூடத் துணி காயவில்லை. லுங்கி இல்லை, நைட்டி இல்லை, கைக்குழந்தையின் ஜட்டி ஒன்றுகூட இல்லை. ஏன் தம்பி என்றேன். "பார்க்க நல்லா இருக்காது சார்" என்றான் ஒரு பையன், மரியாதையாகத்தான்.

எனக்கு ஏறிவிட்டது. எங்கள் குடியிருப்பு அசோசியேஷனில் ஒரு செயலாளர் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் போட்ட புதிய உத்தரவிலும் இதே வாசகம்தான். தெருப்பக்க பால்கனியில் துணி போட்டால் அபராதமாம், கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். சென்னையின் மே மாத வெயிலில் ஒரு வேட்டி மொறமொறவென்று காய எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, கீழ்வீட்டுக்காரர் கரண்டில் ஓடும் டிரையர் வாங்கியிருக்கிறார்.

பையனுக்கு டேவிஸ் கதையைச் சொன்னேன். கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி ஊர். சாலையில் கோடு போட்டு சைக்கிளுக்குத் தனித் தடம் ஒதுக்கியதில் அமெரிக்காவுக்கே முன்னோடி, அது 1967இல். மறு ஆண்டே மாணவர் சங்கம் லண்டனின் பழைய மாடி பஸ் இரண்டை வாங்கி ஓட்ட ஆரம்பித்தது. இன்றும் அந்த ஊர் பஸ்களை மாணவர்கள்தான் ஓட்டுகிறார்கள். டேவிஸ் என்றால் எல்லோரும் இந்த இரண்டையும் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1971இல் ஓட்டுப்போடும் வயது 18 ஆகக் குறைந்தது. 1972இல் முன்னாள் மாணவர் தலைவர் பாப் பிளாக் நகரசபை உறுப்பினராகிவிட்டார். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் அதே காலத்தில் படம் வரையாமல் அடுக்குமாடி வீடுகளை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி வீடுகள். ஜன்னல் பார்த்த திசை மட்டும் வேறு. எந்தத் திசை வீடு எவ்வளவு சூடாகிறது, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார்கள். கோடையில் மேற்கு பார்த்த வீடு அடுப்பு. அதை எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்காவும் சொல்வார். ஆனால் இவர்கள் கணக்கோடு போய் நகரசபையின் முன் நின்றார்கள். 1975இல் அது கட்டட விதியாகவே வந்தது. கூரைக்கும் சுவருக்கும் வெப்பத்தடுப்பு, ஜன்னல் கண்ணாடிக்குத் திசைப்படி அளவு, நிழலுக்குக் கணக்கு. கண்ணாடி மாளிகைகளை மேற்கு பார்த்து நிறுத்திவிட்டு, மாலை நான்கு மணிக்குத் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளும் நம் ஐடி கம்பெனிகளை நினைத்துக்கொண்டேன்.

அதே சூட்டில் டேவிஸ் இன்னொரு காரியமும் செய்தது. துணிக்கொடி கட்டக் கூடாது என்று குடியிருப்புகள் போடும் தடை செல்லாது என்றது. கொடியும் சூரிய சக்திச் சாதனம்தானே! 2015இல் கலிஃபோர்னியா மாநிலமே அப்படியொரு சட்டம் போட்டது. பையன் குறித்துக்கொண்டான். அடுத்த படத்தில் இரண்டு சட்டையாவது தொங்கவிடுகிறேன் என்றான்.

வரும் ஞாயிறு எங்கள் பொதுக்குழு. கலிஃபோர்னியா சட்டத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஒரே தொல்லை, பால்கனியும் கைப்பிடிக் கம்பியும் கொடியாகாது என்று அதிலேயே ஓர் உட்பிரிவு இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. நீங்களும் செயலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.