மே மாசம் வர்றீங்களா? புள்ளைக்கு நீச்சல் கத்துக்குடுத்துட்டுப் போங்க



ஏப்ரல் மூணாவது வாரம் ஆச்சுன்னா எங்க வீட்டுக்குப் போன் வர ஆரம்பிச்சுடும். சென்னையில இருக்கிற பங்காளி, பெங்களூர்ல இருக்கிற தங்கச்சி, கோயமுத்தூர்ல இருக்கிற மாமா பொண்ணு எல்லாருக்கும் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல நமக்கும் ஒரு தோட்டம் இருக்குதுங்கிறது ஞாபகம் வர்றது அப்பத்தான். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லைங்க. வாங்க. வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுங்க, நுங்கு வெட்டித் தர்றேன் சாப்பிடுங்க. எனக்குக் கோவம் வர்றது, வந்து இறங்கினதும் நீங்க சொல்ற முதல் வார்த்தையிலதான். கார் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடியே புள்ளையைப் பார்த்து, "கெணத்துப் பக்கம் போகக் கூடாது, தெரியுதா?"

அந்தப் புள்ளைக்கு வயசு பதினொண்ணு. கீபோர்டு வாசிக்குது, அபாகஸ்ல கணக்குப் போடுது, கராத்தேயில ஏதோ ஒரு கலர் பெல்ட் வாங்கியிருக்குது. தண்ணியில போட்டா அரை நிமிஷம் தாங்காது.

இதைச் சொன்னா என்னைக் காட்டான்னு நினைப்பீங்க. நினைச்சுக்குங்க. ஆனா பேப்பரைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒண்ணைக் கவனிச்சிருப்பீங்க. வருசா வருசம் மே மாசம் ஒரு செய்தி வரும். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த சிறுவன், கோயில் நோம்பிக்கு வந்த அக்கா தம்பி, கல்லூரி மாணவர்கள் மூணு பேர். ஊர் பேரு மட்டும் மாறும். ஆறு, குட்டை, கல்குவாரி, கிணறு. அதைப் படிச்சிட்டு நீங்க எடுக்கிற முடிவு என்ன? "இந்த வருசம் தண்ணிப் பக்கமே விடக் கூடாது." நான் சொல்றது, அந்த முடிவுதான் அடுத்த வருசச் செய்தியை எழுதுது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குப்படி 2022ல மட்டும் இந்தியாவுல தண்ணியில மூழ்கிச் செத்தவங்க 38 ஆயிரத்துக்கும் மேல. உலக சுகாதார நிறுவனம் 2024ல ஒரு அறிக்கை விட்டாங்க. அதுல 5 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளோட சாவுக்கு மூணாவது பெரிய காரணமா மூழ்கறதைத்தான் சொல்லியிருக்காங்க. நீங்க டெங்குவுக்கு பயந்து கொசுவத்தி ஏத்தறீங்க, தண்ணிக்கு பயந்து முதுகைத் திருப்பிக்கறீங்க. ரெண்டும் ஒண்ணா?

நம்ம பக்கத்து நாடு பங்களாதேஷ். ஊர் பூராவும் குளமும் குட்டையும். எத்தனைக்குத்தான் வேலி போடறது? அங்க 'ஸ்விம்சேஃப்'னு ஒரு திட்டம். பெரிய டைல்ஸ் போட்ட நீச்சல் குளம் எல்லாம் கட்டலைங்க. ஊர்க் குளத்துலயே மூங்கில்ல மேடை கட்டி, 4 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கு நீச்சல் கத்துக்குடுத்தாங்க. கத்துக்கிட்ட புள்ளைகளையும் கத்துக்காத புள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தப்ப, கத்துக்கிட்டவங்கள்ல மூழ்கிச் செத்தது 90 சதவீதத்துக்கு மேல குறைவு. இந்த ஆய்வு 2012ல வெளிவந்துச்சு. மூங்கிலும் குளமும் கத்துக்குடுக்கிற ஆளும் இருந்தாப் போதும்னு ஒரு ஏழை நாடு காட்டிருச்சு. நாம புள்ளைக்கு ரோபோ செய்யக் கத்துக்குடுக்க ரெண்டு வாரத்துக்கு எட்டாயிரம் பத்தாயிரம்னு கட்டிட்டு இருக்கோம்.

போன வருசம் என் தங்கச்சி குடும்பத்தோட வந்தா. பையனுக்குப் பதினொண்ணு, பாப்பாவுக்கு எட்டு. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை, நல்ல மனுசன். வந்த அன்னைக்கே எங்கிட்ட, "மச்சான், ரெண்டு நாள்தான் லீவு. கொடிவேரி போய்க் குளிச்சிட்டு, பவானிசாகர் டேம் பார்த்துட்டு, அப்படியே கெளம்பறோம்"னு சொன்னார். நான் கேட்டேன், "மாப்பிள்ளை, உங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா?" தெரியாது. "புள்ளைகளுக்கு?" தெரியாது. அப்புறம் எந்த தைரியத்துல ஆத்துக்குப் போறீங்க?

இதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. படிக்கட்டு உள்ள கிணத்துல, மாமன் பக்கத்துல நிக்கும்போது இறங்கறது ஆபத்தாம். முன்னப் பின்ன தெரியாத ஆத்துல, கூட்டத்துக்கு நடுவுல, செல்பி எடுத்துட்டு நிக்கறது பொழுதுபோக்காம். பவானி ஆத்தை எனக்கு ஐம்பது வருசமாத் தெரியும். நேத்து முழங்கால் தண்ணி இருந்த இடத்துல இன்னைக்கு ஆள் முங்கும். மணல் அள்ளின குழி மேல இருந்து பார்த்தாத் தெரியாது. மேல டேம்ல திறந்து விட்டாங்கன்னா பாறை மேல உக்காந்திருக்கிறவனுக்கு யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டாங்க. கொடிவேரியில தண்ணி அதிகமா வர்றப்ப குளிக்கத் தடை போடறது சும்மா இல்லைங்க.

கல்குவாரிக் குழி இன்னும் மோசம். ஓரத்துல ரெண்டடி, அடுத்த அடி வச்சா நாப்பது அடி. வாய்க்கால் அமைதியாத்தான் தெரியும், காங்கிரீட் போட்ட சரிவுல பாசி புடிச்சிருந்தா புடிச்சு ஏற முடியாது. இப்ப புதுசா ஒண்ணு சேர்ந்திருக்குது, பண்ணைக்குட்டை. தார்ப்பாய் மாதிரி பிளாஸ்டிக் விரிச்சுத் தண்ணி நிறுத்தியிருப்பாங்க. நீலமா, அழகா இருக்கும். அதுல சறுக்கி விழுந்தா நீச்சல் தெரிஞ்சவனே கரை ஏறத் திணறுவான், கால் வழுக்கிட்டே இருக்கும். குட்டை வச்சிருக்கிற நம்ம விவசாயிகளுக்கும் சேர்த்தே சொல்றேன், நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தொங்க விடுங்க. பழைய டயரைக் கோத்துவிட்டாலும் சரி. ஆயிரம் ரூபாகூட ஆகாது.

மாப்பிள்ளை விசயத்துக்கு வர்றேன். அரை மணி நேரம் சண்டை. கடைசியில தங்கச்சியும் புள்ளைகளும் பதினஞ்சு நாள் இருக்கறதுன்னு முடிவாச்சு. அவரும் லேப்டாப்பை எடுத்துட்டு வந்து ஒரு வாரம் தோட்டத்துச் சாலையில உக்காந்து வேலை பார்த்தார். நெட்டு நல்லாத்தான் வருது இப்பெல்லாம்.

எங்க கிணத்துக்குப் படிக்கட்டு உண்டு. மே மாசம் தண்ணி பத்துப் பன்னெண்டு அடி நிக்கும். முதல் வேலை என்ன தெரியுங்களா? மோட்டார் ஃபியூஸைப் புடுங்கி என் சட்டைப் பையில போட்டுக்கறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிற கிணத்துல, கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடும். கேபிள்ல கசிவு இருந்தா தண்ணியில இருக்கிறவன் கதி அவ்வளவுதான். நீச்சல் தெரிஞ்ச எத்தனையோ பேரைக் கரண்ட் கொண்டு போயிருக்குது. ரெண்டாவது, மேல ஒருத்தர் கயிறும் காத்தடிச்ச லாரி ட்யூபும் வச்சுட்டு நிக்கணும், தண்ணிக்குள்ள ஒருத்தர் இருக்கணும். மேல நிக்கிறவர் கையில போன் இருக்கக் கூடாது. இது மாப்பிள்ளைக்காகவே போட்ட சட்டம்.

எங்க அப்பா காலத்துல முதுகுல சுரைப்புருடை கட்டி இறக்குவாங்க. காஞ்ச சுரைக்காய்தான், உள்ள குடைஞ்சு எடுத்தது. இப்ப அதுக்கு எங்க போறது? மூடி போட்ட அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு போதும். முதல் மூணு நாள் படியைப் புடிச்சுட்டு கால் அடிக்கறது மட்டும்தான். மூக்கை மூடாம முகத்தைத் தண்ணிக்குள்ள வைக்கப் பழகறதுக்குத்தான் பாதி நேரம். நாலாம் நாள் கேனைக் கட்டி விடணும், அப்புறம் ஒரு கேனைக் கழட்டணும். எவனாவது "தூக்கிப் போடு, தானாக் கத்துக்கும்"னு வீரம் பேசினா அவனை அந்தப் பக்கம் அனுப்பிருங்க. அப்படிப் போட்டதுல பயந்து, அம்பது வயசு வரைக்கும் தண்ணியைத் தொடாத ஆளுக எங்க ஊர்லயே இருக்காங்க.

ஒன்பதாம் நாள் பாப்பா இந்தப் படியில இருந்து அந்தச் சுவத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா. அண்ணனுக்கு முன்னாடி. மேல நின்ன அவங்க அப்பா கையில போன் இல்லாததால வீடியோ இல்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்குது.

பாப்பான்னு சொன்னதும் இன்னொண்ணு. எங்க அம்மாயிக்குக் கிணத்து மேட்டுல இருந்து குதிக்கத் தெரியும். எங்க அம்மாவுக்கு ஓரளவுக்கு. என் தங்கச்சிக்குச் சுத்தமாத் தெரியாது, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு"ன்னு எட்டு வயசுலயே நிறுத்திட்டாங்க. டவுன்ல மட்டும் என்ன வாழுது? நீச்சல் வகுப்புக்குப் பையனை அனுப்பறீங்க, பொண்ணைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பறீங்க. தண்ணியில விழுந்த குழந்தையைப் பார்த்துட்டு முதல்ல குதிக்கிறது யாருங்க? துணி துவைச்சிட்டு இருக்கிற அம்மா, கூட வந்த அக்கா. ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேர் போறது அப்படித்தான். புள்ளைக நீந்தப் பழகினதும் இதையும் சொல்லிக் குடுங்க. யாராவது மூழ்கினா குதிக்காதே. கத்தி ஆளைக் கூப்பிடு. கயிறு, சேலை, மூடி போட்ட காலிக் கேன், எது கிடைச்சாலும் வீசு. மூழ்கறவன் சினிமாவுல மாதிரி கையாட்டிக் கூப்பிட மாட்டான். சத்தமே இல்லாம உள்ள போயிருவான். வெளியில தூக்கினப்புறம் தலைகீழாப் புடிச்சுச் சுத்தற வேலை வேண்டாம். மூச்சு இல்லைன்னா வாயோட வாய் வச்சுக் காத்து ஊதணும், நெஞ்சை அமுக்கணும், 108க்கு அடிக்கணும்.

நகரத்து ஆளுகளை மட்டும் திட்டறேன்னு நினைக்க வேண்டாம். எங்க ஊர்க்காரங்க யோக்கியதையும் எனக்குத் தெரியும். போர் போட்டதுல இருந்து கிணத்தைக் குப்பைக் குழி ஆக்கிட்டாங்க. தண்ணி இருக்கிற கிணத்துலயும் பாதிக்குச் சுத்துச் சுவர் கிடையாது. பயன்படுத்தாத கிணத்துல விஷவாயு நிக்கும், அதுல யாரும் இறங்கவே கூடாது. பேரன் வந்தா டி.வி.யைப் போட்டு உக்கார வச்சு முறுக்கு குடுக்கிறதுதான் பாசம்னு அப்புச்சிகளும் நினைச்சுட்டாங்க. எங்க ஊர்ப் புள்ளைகள்லயே நீச்சல் தெரிஞ்சது இப்பப் பாதிகூட இருக்காது. ஒரு கிணத்தைச் சுத்தம் பண்ணி, ஊருக்குப் பொதுவா வச்சு, மே மாசம் பூராவும் கத்துக்குடுக்க ஒரு ஆளை வையுங்கன்னு கூட்டத்துல எத்தனையோ தடவை சொல்லிட்டேன். சிரிக்கறாங்க.

"வெயில்ல புள்ளை கறுத்துருவா"ன்னு அடுத்த புலம்பல் வரும். கறுக்கட்டும். நாமெல்லாம் என்ன வெள்ளைக்காரனுக்கா பொறந்தோம்? ஒரு சங்கதி சொல்றேன். சீனாவுல குவாங்சோ ஊர்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைகளை தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியில விட்டுப் பார்த்தாங்க. மூணு வருசத்துல கிட்டப்பார்வை வந்தது 30 சதவீதம், விடாத பள்ளிகள்ல 39 சதவீதத்துக்கும் மேல. கண்ணாடிக் கடைக்குக் குடுக்கிற காசை நினைச்சாவது வெளிய விடுங்க. அக்னியில உச்சி வெயில்ல விடச் சொல்லலை. காலையில பத்து மணிக்குள்ள, சாயங்காலம் நாலுக்கு மேல. நடுவுல மாமரத்து நிழல், மோர், தூக்கம். கடலைக்கொடி புடுங்கிக் கிடந்தா உக்காந்து காய் ஆயட்டும். கை அழுக்காகும். கழுவினாப் போயிரும்.

ரெண்டு நாள் வந்து மாட்டுவண்டியில போட்டோ எடுத்துட்டுப் போறவங்களுக்கு இப்பெல்லாம் பண்ணை ரிசார்ட்டு நிறைய வந்திருக்குது, காசு குடுத்தாக் கயித்துக் கட்டில்கூடப் போட்டுத் தர்றாங்க. அங்கயே போங்க. எங்கிட்ட வர்றதுன்னா குறைஞ்சது பத்து நாள். அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். நீச்சல் தெரியாத பெரியவங்களும் இறங்கணும், நாப்பது வயசு ஆச்சுன்னு சாக்குச் சொல்லக் கூடாது. மாப்பிள்ளை இந்த வருசம் அரைக்கால் சட்டையோட வர்றேன்னு போன்ல சொல்லியிருக்கார்.

மே 4ல அக்னி ஆரம்பம். எங்க கிணத்துல நேத்து அளந்தப்ப தண்ணி பதிமூணு அடி. பிளாஸ்டிக் கேன் நாலு கழுவிக் கவுத்து வச்சிருக்கேன், கயிறும் புதுசு வாங்கியாச்சு. வர்றவங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க, ஒரு நேரத்துல மூணு புள்ளைகளுக்கு மேல தண்ணியில இறக்க மாட்டேன்.