குகையைக் காண்பதும் குகையைக் காப்பதும்

உலகின் புகழ்பெற்ற குகைகளை வருணிக்கும் நூல்கள் ஒரு குகையின் பெருமையை இரண்டு அளவுகளைக் கொண்டு கூறுவது வழக்கம். ஒன்று, அதன் நீளம். மற்றொன்று, அதைக் காண வருவோரின் தொகை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகை 670 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டு, உலகின் மிக நீண்ட குகை என்று பெயர் பெற்றிருக்கிறது. இவ்வகை அளவில் பிழை ஏதுமில்லை. ஆனால் வருவோரின் தொகையைக் கொண்டு ஒரு குகையை மதிப்பது பெரும் பிழையாகும். பலர் வருவது குகையின் புகழைக் காட்டுமேயன்றி அதன் நலத்தைக் காட்டாது. சில குகைகளுக்கு மனிதனின் மூச்சே பகையாக அமைந்துவிடுகிறது.

இதன் காரணத்தை அறிய, சுண்ணாம்புக் கல் குகை தோன்றும் முறையை அறிய வேண்டும். மழைநீர் மண்ணின் வழியே இறங்கும்பொழுது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் பாறையின் வெடிப்புகளில் புகுந்து சுண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு உண்டான வெற்றிடமே குகை. சுண்ணம் கரைந்த நீர் குகையின் கூரையிலிருந்து சொட்டும்பொழுது வாயு பிரிந்து செல்ல, சுண்ணம் படிகிறது. கூரையிலிருந்து தொங்கும் ஊசிகளும், தரையிலிருந்து எழும் தூண்களும் இவ்வாறு வளர்ந்தவையே. ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பல குகைகளில் காணப்படும் வேகம். அவ்வேகத்தில் ஒரு சாண் நீளமுள்ள ஊசி உருவாக 2,000 ஆண்டுகளுக்குமேல் ஆகும். அதை ஒடிக்க ஒரு விநாடி போதும்.

குகைக்குள் கூட்டம் புகுந்தால் நிகழ்வது யாது என்பதற்குப் பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகை சான்றாக நிற்கிறது. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குதிரை, காளை, மான் ஆகியவற்றின் வண்ண ஓவியங்கள் நிறைந்த அக்குகை 1940-ஆம் ஆண்டில் நான்கு இளைஞர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. 1948-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நாள்தோறும் சுமார் 1,200 பேர் வரலாயினர். அவர்கள் வெளிவிட்ட கரியமில வாயுவும், உடற்சூடும், ஈரமும் குகையின் காற்றை மாற்றின. விளக்கொளியில் பச்சைப் பாசி படர்ந்தது. ஓவியங்களின்மீது வெண்ணிறச் சுண்ணப் படிகங்கள் தோன்றின. 1963-இல் பிரெஞ்சு அரசு குகையை மூடியது. பல்லாயிரம் ஆண்டுகள் இருளில் கெடாதிருந்தவை பதினைந்தே ஆண்டுகளில் நோயுற்றன. மூடியதோடு துன்பம் தீர்ந்துவிடவுமில்லை. 2001-இல் குகையினுள் வெண்பூஞ்சை பரவியது. கெட்டுவிட்ட சமநிலையைக் கதவைச் சாத்தி மட்டும் மீட்க இயலாது என்பது தெளிவாயிற்று.

அந்நாடு இதனின்று பாடம் கற்றது. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகை, லாஸ்கோவினும் தொன்மையான ஓவியங்களைக் கொண்டது. அது மக்களுக்கு ஒருநாளும் திறக்கப்படவில்லை. அதன் நேர்ப் படியொன்று அண்மையில் அமைக்கப்பட்டு 2015-இல் திறக்கப்பட்டது. லாஸ்கோவுக்கும் இவ்வாறே 1983-இலும் 2016-இலும் படிகள் திறக்கப்பட்டன. படியைக் காண்பவர் ஓவியத்தின் அழகைக் காண்கின்றனர். மூலம் ஆராய்ச்சிக்கும் வருங்காலத்திற்கும் எஞ்சுகிறது.

ஓவியமில்லாத குகைக்கு இத்தனை காவல் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை மேகாலயத்தில் இருக்கிறது. சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மௌம்லூ குகையில் வளர்ந்த சுண்ணத் தூண் ஒன்றின் அடுக்குகளில், பிராணவாயுவின் ஐசோடோப்புகள் எவ்விகிதத்தில் உள்ளன என்பதை விஞ்ஞானிகள் அளந்தனர். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததற்கான அடையாளம் அதில் பதிந்திருந்தது. அவ்வடையாளத்தையே எல்லையாகக் கொண்டு, அன்று தொடங்கி இன்றுவரை நீளும் புவியியற் காலப் பிரிவுக்கு ‘மேகாலயன்’ என்னும் பெயர் 2018-இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. மழையளவுக் கருவிகள் தோன்றுவதற்கு முன்னைய மழைக் கணக்கைக் குகையின் கல் எழுதி வைத்திருக்கிறது. நினைவுப் பொருளுக்கென ஒருவர் ஒடித்துச் செல்லும் துண்டு அக்கணக்கின் ஓர் ஏடு ஆகலாம்.

குகையின் உயிர்களையும் மறத்தற்கில்லை. குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்களைத் தாக்கும் வெண்மூக்கு நோய் 2006-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. பின்னர் இலட்சக்கணக்கான வௌவால்கள் மடிந்தன. அந்நோய்க்குக் காரணமான பூஞ்சையின் வித்துகள் மனிதரின் காலணியிலும் உடையிலும் ஒட்டிச் செல்லக்கூடியவை. ஆதலின் மாமத் குகையைக் கண்டு வெளிவருவோர் மருந்து நனைத்த விரிப்பின்மேல் நடந்தே செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

குகைகளை மூடினால் அவற்றைச் சூழ வாழும் மக்களின் பிழைப்புக் கெடும் என்போரின் கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் எல்லாக் குகைகளையும் மூடுமாறு எவரும் கூறவில்லை. ஆந்திரத்தின் பேலம் குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 2002 முதல் அங்குப் பாதையும் விளக்கும் அமைத்து மக்களை அனுமதிக்கின்றனர். அத்தகைய குகைகள் பொதுமக்களின் கல்விக்கு உரியவை. வியட்நாமின் சோன் தூங் குகையிலோ ஆண்டொன்றுக்குச் சுமார் 1,000 பேருக்கே அனுமதி. வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குவோராகவும் அண்டைக் கிராமத்தார் ஊதியம் பெறுகின்றனர். தொகையைக் குறைத்தும் பிழைப்பைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஆகவே, குகைகளை மூவகையாகப் பிரித்தல் முறையாகும்: பொதுமக்களுக்குரியவை, வரையறுத்த சிலருக்குரியவை, ஆராய்ச்சிக்கு மட்டும் உரியவை. ஜயந்தியா மலைகளில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் லியாத் பிரா போன்ற குகைகள் இருக்கும் நாட்டில் இப்பிரிவினை இன்றியமையாதது. புதிய குகை எதுவும் விளக்கும் படிக்கட்டும் பெறுமுன், அதன் வெப்பம், ஈரம், கரியமில வாயு ஆகியவை ஓராண்டு முழுவதுமேனும் அளக்கப்பட வேண்டும். பழைய அளவு இல்லையேல் பின்னர் நேர்ந்த கேட்டை அறியும் வழியில்லை. குகையை முதலில் காணும் கள ஊழியர் ஒன்றையும் ஒடிக்காமல், தொடாமல், குறிப்பும் படமும் மட்டும் கொண்டு வருவதே இதற்குத் தொடக்கம்.

ஆசிரியரின் பணி இன்னும் எளிது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியே மாணவன் ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். விடாது ஊதினால் வெண்மை மறைந்து மீண்டும் தெளியும். அந்நீரைக் காய்ச்சினால் வெண்மை திரும்பி வரும். கல் கரைவதும், மீண்டும் படிவதும், மனிதனின் மூச்சு சுண்ணத்தைக் கரைக்க வல்லது என்பதும் ஒரே கண்ணாடிக் குவளையில் விளங்கிவிடும். இதை வகுப்பில் கண்ட மாணவன், பின்னொரு நாள் குகைக்குள் நுழையும்பொழுது சுவரைத் தொடக் கை நீட்டமாட்டான்.