அரைப்பேர்ப் பிள்ளைகள்

இலங்கையின் ஊவாவில், பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும், தெமோதரையிலிருந்து பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் செல்லும் பாதைகளின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் தேயிலை மலைகளில் வாழ்கின்றவர்களுக்கு 'அரைப்பேர்' என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. காலையிற் பெயர் பதியும் பிரட்டுக்குப் போய், பனியிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுதும் நின்று கொழுந்தெடுத்து, மாலையில் தராசின் முன் கூடையை இறக்கிவைக்கின்ற ஒரு தாய்க்கு, தோட்டம் விதித்த கிலோக் கணக்கிற் சிறிது குறைந்துவிட்டால், அன்றைய உழைப்புக்கு அரைநாட் கூலியாகிய அரைப்பேரே விழும். அவள் நின்ற மலை கிழட்டுச் செடிகள் நிறைந்த மலையா, அதற்கு உரம் போட்டு எத்தனை மாதமாயிற்று, கொழுந்து விடுவதற்கேற்ற மழை பெய்ததா என்பவற்றையெல்லாம் தராசு கேட்பதில்லை. அந்த அநீதியை நாம் நன்கறிவோம். அதற்கெதிராகத் தலைமுறை தலைமுறையாகக் குரலெழுப்பியும் வந்திருக்கின்றோம். ஆனால் அதே தராசை நம் கையாலேயே தூக்கி, நம் வீட்டுப் பிள்ளையை அதில் நிறுத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆறு வயதிலேயே அரைப்பேர் போட்டுவிடுகின்றோமே, அதற்காக நாம் ஒருநாளேனும் வெட்கப்பட்டதுண்டா?

நான் இங்கே எதிர்க்க முனைவது லயத்து வாசலிலும், கோயில் முற்றத்திலும், ஆசிரியர் அறையிலும், கற்றுத் தேர்ந்து நகரத்திற் குடியேறிய நம்மவர் வீடுகளிலுங்கூட ஐயத்துக்கிடமில்லாத உண்மைபோல வழங்கிவரும் ஓர் அபிப்பிராயத்தை. வாசிக்கத் திணறும் பிள்ளை மக்கு, ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை அடங்காப்பிடாரி, இரண்டுக்கும் காரணம் சோம்பல், அல்லது செல்லம், அல்லது பரம்பரை, மருந்து பிரம்பு, பிரம்பும் பலிக்காவிடில் தலையெழுத்து. இதுவே அந்த அபிப்பிராயத்தின் முழு வடிவம். இது இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம், இது நமக்குத் தரும் வசதியே என்று நான் கருதுகின்றேன். குற்றம் பிள்ளையின் குணத்தில் இருக்கிறதென்றாலும் சரி, அதன் விதியில் இருக்கிறதென்றாலும் சரி, பெரியவர்களாகிய நாம் குனிந்து அப்பிள்ளையின் கொப்பியை ஒரு நாழிகை உற்றுப் பார்க்கவேண்டிய கடமையிலிருந்து விடுபட்டுவிடுகின்றோம். அந்த விடுதலைக்கு விலை கொடுப்பது பிள்ளை.

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு வராது" என்னும் வார்த்தையை நம் முன்னோரின் அநுபவ ஞானமென்று மயங்குவோர் அது பிறந்த இடத்தைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். முதலிற் கோப்பிக்கும் பின்பு தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாளைய தொழிலாளராய் வளர்ந்தாற் போதுமென்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் இப்பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியபோது, அவை கருத்திற்கொண்ட வயதெல்லை ஆறு முதல் பத்து வரையே. 1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வியின் கதவு திறந்தபோதும் தோட்டப் பாடசாலை அதன் முழுப்பயனை அடையாமல் வாசலில் நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஒரே அறையில், ஒரே ஆசிரியரின் கீழ், பல வகுப்புகள் ஒன்றாய் நெருங்கியிருந்து, பத்து வயதோடு முடிந்துபோன படிப்பைக் கொண்டு ஒரு சமூகத்தின் அறிவை அளப்பது எவ்வகை நியாயம்? ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தெளிவத்தை என்னும் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, ஈழத்துத் தமிழிலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்ற தெளிவத்தை ஜோசப் இந்த மண்ணின் பிள்ளையே. பரம்பரையைப் பழிக்கும் வாதம் அத்தகையோரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு மேலே செல்கிறது. விதியே பொய்யென்பதை அது ஆராய்வதில்லை.

சோம்பல் என்னும் வாதத்துக்கு வருவோம். 1896ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையோரச் சிற்றூரொன்றில் வைத்தியராயிருந்த பிரிங்கிள் மோர்கன் என்பவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி வைத்திய சஞ்சிகையொன்றில் எழுதினார். அச்சிறுவன் கூரிய புத்தியுள்ளவன், கண் பார்வையிற் குறைவில்லை, கணக்கில் வல்லவன், ஆயினும் ஏழாண்டுகள் கற்பித்தும் மிக எளிய சொற்களையன்றி வேறெதையும் அவனால் வாசிக்க இயலவில்லை. பாடங்களெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் பாடசாலையில் இவனே முதல்வனாயிருப்பான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியரே கூறினார். இன்று வாசிப்பு இடர்ப்பாடு என்றும் டிஸ்லெக்சியா என்றும் நாம் கூறுவதன் முதற் சித்திரங்களுள் இது ஒன்று. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் வைத்தியர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவிற் குறைவில்லாத பிள்ளைகள் சிலர் தம்மைத் தாமே அடக்கமுடியாது தவிப்பதை விவரித்து, அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடென்றார். வைத்திய சாஸ்திரமும் ஒருகாலத்தில் இதனை ஒழுக்கத்தோடு சேர்த்தே எண்ணியது. ஆனால் அது அங்கே நின்றுவிடவில்லை. மூளை வளர்ந்து முதிரும் முறையில் ஏற்படும் வேறுபாடே இதற்குக் காரணமென்றும், குடும்பவழி வருவதும் உண்டென்றும், புத்தி வேறு இக்குறை வேறு என்றும் கண்டு தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ஸ்டில் விவரித்த நிலையை ஒத்த, கவனக்குறைவும் மிகைச்செயற்பாடுமாகிய கோளாறு உலகெங்கும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேரிடம் காணப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பறையில் இருவர் என்று கொண்டால், மலையின் மேலுள்ள எந்தப் பாடசாலையிலும் இப்பிள்ளைகள் இல்லாமலில்லை; கடைசி வாங்கில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதே உண்மை.

வாசிப்பு இடர்ப்பாடு தமிழில் எவ்வாறு தலைகாட்டும் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம். நம் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர்மெய்யின் குறிகள் சில எழுத்துக்குப் பின்னும், சில மேலும், சில கீழும், கொம்புகளோ முன்னும் நிற்கும். 'தே' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலிற் படுவது கொம்பு. நாவில் முதலிற் பிறப்பதோ தகர ஒலி. சாதாரணமாகக் கற்கும் பிள்ளை இந்த முன்பின்னைச் சில மாதங்களிற் கடந்துவிடும். இடர்ப்பாடுள்ள பிள்ளையோ, முறையாகக் கற்பித்து ஓராண்டு ஈராண்டு சென்ற பின்னும், கல்லைக் காலென்று வாசிக்கும், புள்ளியை விழுங்கும், ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் மாற்றும், நேற்றுக் கூட்டி வாசித்த சொல்லை இன்று முதன்முறை காண்பதுபோல விழிக்கும், வாசிக்கச் சொன்னாற் படத்தைப் பார்த்துத் தானே ஒரு வாக்கியத்தைச் சமைத்துச் சொல்லும். அதே பிள்ளையிடம் கதையொன்றை வாயாற் கேளுங்கள். மாரியம்மன் திருவிழாவில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமற் சொல்லும். வாய்க்கும் கொப்பிக்கும் இடையிலுள்ள அந்தத் தூரமே முதல் அடையாளம். வீட்டில் "வந்துருச்சு" என்று பேசி வளர்ந்து, புத்தகத்தில் "வந்துவிட்டது" என்று காணும் நம் பிள்ளைகள் யாவரும் தொடக்கத்தில் தடுமாறுவர், அது இயல்பு. மற்றவர்கள் கரையேறிய பின்னும் ஒரு பிள்ளை மட்டும் ஆற்றிலேயே நிற்குமானால், அப்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி "ஏன் படிக்கவில்லை" என்பதன்று, "எந்த இடத்தில் தடுக்கிறது" என்பதே.

கவனத்தின் குறையும் அவ்வாறே. சொன்ன இரண்டு வேலையில் ஒன்றை மறப்பதும், பென்சிலையும் புத்தகத்தையும் நாள்தோறும் தொலைப்பதும், முறைக்குக் காத்திராமல் முந்துவதும், ஆபத்தறியாமல் ஓடுவதும் எந்தப் பிள்ளையிடமும் சிலவேளை உண்டு. அவை ஆறு மாதத்துக்கு மேலாக, வயதுக்கு மிஞ்சிய அளவில், வீட்டிலும் பாடசாலையிலுமாக இரண்டிடத்திலும் தொடர்ந்து நின்று, பிள்ளையின் கற்றலையும் உறவையும் குலைக்குமானாலே வைத்தியர் அதனைக் கோளாறெனக் கருதி ஆராய்வர். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை நினைத்து என் மனம் வருந்துகிறது. ஓடித் திரியும் பையனை ஊரே காணும்; யன்னலோரத்தில் வாய்பேசாதிருந்து, கண் புத்தகத்திலும் சிந்தை வேறெங்குமாய்க் கரைந்துபோகும் சிறுமியை 'அமைதியான பிள்ளை' என்று நாம் மெச்சிக்கொள்கின்றோம். அவள் எவர்க்கும் தொந்தரவு தராத காரணத்தாலேயே எவராலும் காணப்படாமற் போகின்றாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மக்கு என்று முத்திரையிடுவது எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு ஆராயாமல் ஒரு நோயின் பெயரைச் சூட்டுவதும். காதில் அடிக்கடி சீழ் வடியும் பிள்ளை ஆசிரியரின் சொல்லைக் கேட்காததற்குக் காரணம் செவி. கரும்பலகையைக் கண்சுருக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடி. குடற்புழுவும் இரத்தச் சோகையும் காலைப் பட்டினியும் கவனத்தைத் தின்றுவிடும். 2016இல் எடுக்கப்பட்ட தேசிய மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேராயிருக்க, தோட்டப்புறத்தில் அத்தொகை நூற்றுக்கு 31க்கு மேல். ஒரே காம்பராவில் குடும்பம் முழுதும் படுத்துறங்கும் லயத்தில், நள்ளிரவு வரை விழித்திருந்த பிள்ளைக்கு மறுநாட் காலை வகுப்பில் உறக்கம் வருமேயன்றிப் பாடம் வருமா? தாய் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குச் சென்றுவிட்ட வீட்டில், ஏக்கமே பிள்ளையின் கவனத்தைக் கொண்டுபோயிருக்கலாம். காரணம் எதுவாயினும், பிள்ளையைப் பார்த்தாலன்றி அது தெரியாது. பார்க்கவே வேண்டாமென்பதுதான் நான் கண்டிக்கும் அபிப்பிராயத்தின் சாரம்.

பிரம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைகளில் உடற்றண்டனையைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கையால் தடுத்துவிட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, அடியினால் மூளையின் முதிர்ச்சி விரைவதில்லை. கொம்பின் முன்பின் தெளிவதில்லை. அடிபடும் பிள்ளை கற்றுக்கொள்வது புத்தகத்துக்கு அஞ்சுவதை மட்டுமே. பத்து வயதில் அப்பிள்ளை வயிற்றுவலியென்று பாடசாலைக்குப் போக மறுக்கிறது. பதினான்கில் பதுளை நகரத்துக் கடையொன்றிலோ கொழும்பிலோ வேலைக்கு நிற்கிறது. அப்போது, "அன்றே சொன்னோமே, படிப்பு வராதென்று" என ஊர் தன் தீர்க்கதரிசனத்தைத் தானே வியந்துகொள்கிறது.

"வளர்ந்தாற் சரியாகிவிடும்" என்பவர்கள் நல்லவர்கள். அவர்களின் சொல்லில் அன்பிருக்கிறது. "கண்ணேறு, நேர்த்தி வைத்தால் தீரும்" என்பவர்களையும் நான் இகழமாட்டேன். அம்மனுக்கு வைக்கும் நேர்த்தியால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு விளைந்ததில்லை. தீங்கு விளைவிப்பது காத்திருப்பில் கழியும் ஆண்டுகளே. ஆறு வயதிற் கிடைக்கும் சிறிய துணை, பன்னிரண்டு வயதிற் பெரும் பிரயத்தனத்தாலும் கிடைப்பதரிது. ஏனெனில் இடையில் கழிந்த காலத்தில் பிள்ளை, தான் மக்கென்பதைத் தானே நம்பத் தொடங்கிவிடுகிறது.

"பெயரொன்றைச் சூட்டினால் பிள்ளைக்குக் களங்கமாகாதா?" என்று சிலர் கேட்பர். மக்கு, மண்டு, அறுந்தவால் என்ற பெயர்களை அப்பிள்ளை ஏற்கெனவே சுமந்து நடக்கிறது. காரணத்தை அறிந்து சொல்லும் ஒரு பெயர் அந்தச் சுமையை இறக்குமேயன்றி ஏற்றாது. "இந்த மலையில் நிபுணர்களுக்கு எங்கே போவது?" என்ற கேள்வி நியாயமானது. தமிழில் பேசி, தமிழிற் சோதித்து, தாயின் தமிழிலேயே விளக்கும் வைத்தியரும் பேச்சுச் சிகிச்சையாளரும் ஊவாவுக்கு வேண்டுமென்று நம் தொழிற்சங்கங்களும் பிரதிநிதிகளும் சம்பளக் கோரிக்கைக்கு நிகரான உறுதியோடு கேட்கவேண்டும். ஆனால் அதுவரை நம் கைகள் வெறுமையாயில்லை. பிள்ளைக் காம்பராவிற் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை மிட்வைஃபிடம் காட்டலாம். முதலாந் தரத்திற் சேரும் பிள்ளையைப் பாடந் தொடங்குமுன் செயற்பாடுகளால் இனங்காணும் ஏற்பாடு நம் பாடசாலைகளில் உண்டு. அதனைப் படிவம் நிரப்பும் சடங்காக்காமல் உண்மையாகவே செய்யலாம். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனையன்று, பல்லையும் எடையையும் பார்க்கும் வைத்தியரிடம், "இந்தப் பிள்ளை வாசிக்கத் திணறுகிறது" என்று ஆசிரியர் ஒரு வார்த்தை கூறலாம். அங்கிருந்து பதுளை போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் பெறலாம். மருந்தென்றவுடன் அஞ்சுவோர் அறியவேண்டியது, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கவனக் கோளாறுக்கு முதலில் அளிக்கப்படுவது மாத்திரையன்று, பெற்றோருக்கான பயிற்சி என்பதை.

வகுப்பறையிலோ, பணமே வேண்டாத பல காரியங்கள் உண்டு. அப்பிள்ளையை முன்வாங்கில் இருத்துவது. ஒருமுறைக்கு ஒரு கட்டளை மட்டும் இடுவது. எழுத்தை மணலில் விரலால் எழுதி, வாயால் ஒலித்து, காதாற் கேட்கச் செய்வது. மற்றவர்க்குப் பத்துச் சொல்லென்றால் அதற்கு மூன்று கொடுத்து, மூன்றும் சரியானபோது மனமாரப் பாராட்டுவது. எழுத்திற் சொல்ல முடியாத விடையை வாயாற் சொல்ல இடந்தருவது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்திபெறக்கூடிய நால்வருக்கு நாம் கொடுக்கும் மாலை நேரத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

தோட்டத்து நாற்றுமேடையில் ஒரு கன்று வாடி நின்றால், அதைச் சோம்பேறிக் கன்றென்று எவரும் ஏசுவதில்லை. மண்ணைக் கிளறிப் பார்க்கின்றார்கள். வேரிற் புழுவா, நிழல் போதவில்லையா, நீர் மிகுந்ததா என்று ஒவ்வொன்றாய்த் தேடுகின்றார்கள். அந்தக் கைகள் நம்முடையவை. அந்த அறிவு நம் தாய்மாருடையது. தேயிலைக் கன்றுக்கு நாள்தோறும் கொடுத்துவரும் அந்தப் பொறுமையை நம் வயிற்றிற் பிறந்த பிள்ளைக்கும் கொடுக்கவேண்டுமென்பதே என் விண்ணப்பம். வகுப்பு இடாப்பில் அப்பிள்ளையின் பெயர் முழுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நாளைக் காலை அதைக் கூப்பிடும் ஆசிரியர், கூப்பிட்டபின் ஒரு கணம் நின்று, அப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கட்டும்.