ஒடுங்கிய நட்பு

அண்மையில் என் பழைய மாணாக்கர் ஒருவர், இஸ்பானிய மொழியிலிருந்து தாம் பெயர்த்த கடிதமொன்றைத் திருத்தித் தருமாறு கொணர்ந்தார். 'நம் இரு குடும்பத்தாரின் ஒடுங்கிய நட்பு' என்றிருந்தது அதில். நட்பு ஒடுங்கிவிட்டதென்று எழுதினால் பெறுபவர் மனம் என்ன பாடுபடும்! மூலத்தில் நின்றது 'எஸ்திரேச்சோ' என்னும் அடையின் பெண்பால் வடிவம். நட்பு அம்மொழியிற் பெண்பாற் சொல். மாணாக்கரின் கையகராதியோ அதற்கு 'ஒடுங்கிய' என்ற ஒரு பொருளையே தந்திருந்தது. குற்றம் அவருடையதன்று, சொல்லுக்குச் சொல் வைத்து அமைதியுறும் அகராதிகாரருடையது.

இச்சொல், 'இறுகக் கட்டப்பட்டது' எனப் பொருள்படும் இலத்தீன் 'ஸ்திரிக்துஸ்' என்பதன் வழிவந்தது. கண்டிப்பைக் குறிக்கும் 'எஸ்திரிக்தோ' அதன் உடன்பிறப்பு. ஆகவே அகலக்குறைவு இதன் ஒரு முகமே. அடியில் நிற்பது இறுக்கம். ஒடுங்கிய தெருவும், உடலை இறுக்கும் சட்டையும், கடுமையான காவலும், பிரியாத நட்பும் எல்லாம் எஸ்திரேச்சோ. கைகுலுக்குதலையும் இதன் வினையாகிய 'எஸ்திரேச்சார்' கொண்டே அவர்கள் சொல்வர். கையை ஒடுக்கினான் என்று பெயர்ப்பாரும் உளரோ?

பெயராய் நிற்கையில் இதுவே கடலிடுக்கைக் குறிக்கும். ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் ஏறக்குறைய 14 கிலோமீற்றர் இடைவெளியில் எதிரெதிர் நோக்கும் ஜிபிரால்தரும், 1520இல் மகெல்லன் கடந்த நீர்வழியும் எஸ்திரேச்சோக்களே. அவர்கள் கரைகளின் நெருக்கத்தைக் கண்டனர். 'நீரிணை' என்ற நாம் நீர்களின் இணைப்பைக் கண்டோம். எனக்கு நம் சொல்லே இனிக்கிறது. பக்கச்சார்பு என்பார் என்க.

அகலக்குறைவுக்கு அவர்களிடம் 'அங்கொஸ்தோ' என வேறொரு சொல்லும் உண்டு. ஒரினோக்கோ ஆறு ஒடுங்குமிடத்தில் எழுந்த அங்கொஸ்துரா நகர் (1846 முதல் அது சியுதாத் பொலிவார்) அச்சொல்லாற் பெயர் பெற்றது. மனத்துயரைச் சுட்டும் 'அங்குஸ்தியா'வும் அதன் இனமே. ஆயினும் நட்புக்கு அடையாக அங்கொஸ்தோ வாராது.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் இல்லையென்று அலைய வேண்டுவதில்லை. 'நெருக்கம்' இருக்கிறதே! நெருங்கிய உறவு என்கிறோம். நெருக்கமான தெரு என்கிறோம். பணமுடையை நெருக்கடி என்கிறோம். இஸ்பானியரும் அம்முடையை இதே அடியிற் பிறந்த 'எஸ்திரேச்செஸ்' என்பர்.

கடிதத்தில் 'நெருங்கிய நட்பு' என்று திருத்திக் கொடுத்தேன். மாணாக்கர் அதைத் தம் கையகராதியின் ஓரத்தில் மையாற் குறித்துக்கொண்டு போனார்.